எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதையில் பழைய ஜீப்புகளும் வேன்களும் விளக்கு அணைந்து நடுவழியில் நின்றுவிடுகின்றன, 15 வருடம் தாண்டிய எந்த வண்டியையும் மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஏறவே விடக்கூடாது என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயம்தான். பலாப்பழ சீசனில் ராத்திரி நேரம் குஞ்சப்பனை பக்கம் முன்னால் போகிற வண்டி சொல்லாமல் கொள்ளாமல் இருட்டாகி நின்றால் பின்னால் வருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கக்கூட வெளிச்சம் இருக்காது. ஆனால் பழியை வண்டியின் வயதின் மேல் போட்டுவிட்டாரே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பார்த்த வரையில் அப்படி நிற்கிற வண்டிகளில் பலவற்றின் கோளாறு ஒரு துருப்பிடித்த போல்ட், ஒரு முறுக்கிக் கட்டிய வயர், ஒரு பச்சைக் களிம்பு ஏறிய டெர்மினல், அவ்வளவுதான். வண்டியைக் காயலான் கடையில் போடுவதற்கு முன்னால் அந்த போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் போடலாமே என்பதுதான் என் கட்சி.

நான் மெக்கானிக் இல்லை. கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறவன், கொழுந்து மூட்டையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோக ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. வந்து வந்து போகிற எலக்ட்ரிக்கல் கோளாறு என்றால் என்ன என்பதை அந்த ஜீப்தான் எனக்குப் பாடம் நடத்தியது. ஒரேயடியாக வேலை செய்யாத பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்றைக்கு வேலை செய்து நாளைக்கு மறுத்து, வொர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றவுடன் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிற வண்டிதான் பணத்தைத் தின்னும்.

அதிலும் மலையில் இது இன்னும் மோசம், காரணம் எளியது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்தால் கீழுக்கும் மேலுக்கும் 12 டிகிரி வித்தியாசம், அதற்கு மேல் மிஸ்ட், தூறல், டிசம்பர் ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துப் போகிற அளவுக்கு உறைபனி. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, எங்களுக்கும் குன்னூர்க்காரர்களுக்கும் அக்டோபர், நவம்பரில் அடிக்கிற மழை. இந்த ஈரத்தில் வருகிற கோளாறு, வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய் ஷெட்டில் நிறுத்தினால் எப்படித் தெரியும்? போகிற வழியிலேயே எஞ்சின் சூட்டில் எல்லாம் காய்ந்துவிடும். அங்கே இருக்கிற தம்பி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை சார் என்பார், பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தபோது குறை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பேட்டரியை மாற்றிக் கொடுப்பார். நாம் மேலே வந்து முதல் மிஸ்ட்டுக்குள் நுழைந்ததும் பழைய கதைதான்.

சூடாக ஏறி வந்த வண்டி குளிரில் நின்றால் விளக்குக் கூட்டுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இருக்கிற காற்று சுருங்கி வெளியில் இருக்கிற ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வேர்வை கண்ணுக்குத் தெரியாத கனெக்டர்களுக்குள்ளும் நடக்கிறது, தினமும் நடக்கிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுவது அப்படித்தான். சமவெளியில் மழைக்காலத்தில் மட்டும் நடப்பது இங்கே ஒரே நாளில் ஏறி இறங்கும்போது நடந்துவிடுகிறது.

என் ஜீப்பில் வந்த கோளாறு இப்படி. பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி மிஸ்ட்டில், லோடோடு, ஃபர்ஸ்ட் கியரில் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மட்டும் விளக்கு சட்டென்று மங்கும், எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அணையும். சாவியைத் திரும்பத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும். இதற்கு பேட்டரி மாற்றினார்கள், ஆல்டர்னேட்டரைப் பிரித்து பிரஷ் மாற்றினார்கள், சாவி சுவிட்ச் மாற்றினார்கள், டீசல் ஃபில்டர்கூட மாற்றினார்கள். யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. கடைசியில் குன்னூரில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டையே திறக்காமல் கேள்வியாகக் கேட்டார். ஏற்றத்தில் வருமா இறக்கத்தில் வருமா? வலது பக்கம் திரும்பும்போதா, இடது பக்கமா? வைப்பர் ஓடிக்கொண்டிருந்ததா? ஹாரன் அடித்தீர்களா? வண்டி சூடாக இருந்ததா, காலையில் எடுத்தவுடனா? எஞ்சின் நின்றபோது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததா, அதுவும் சேர்ந்து அணைந்ததா? எல்லாம் கேட்டுவிட்டு, "காலி வண்டிய ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, மூட்டையோட சாயங்காலம் வாங்க" என்றார்.

சாயங்காலம் போனேன். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை சாவி சுவிட்சுக்கு வருகிற வயரிலும் வைத்தார். ரெண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே ரெண்டு வோல்ட் காணாமல் போகிறது. அப்புறம் வயர்க்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போனார், எஞ்சின் ரூமிலிருந்து உள்ளே நுழைகிற ஓட்டையில் பிடித்து ஆட்டியதும் மீட்டர் குதித்தது. அந்த ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது, தகரத்தின் விளிம்பு வயரை அறுத்து, மேல் உறை பார்க்க நன்றாக இருக்க, உள்ளே இழைகள் பாதிக்கு மேல் அற்றுப்போயிருந்தன. பகலில் அந்த மிச்ச இழைகளே போதும். ராத்திரி விளக்கும் வைப்பரும் சேர்ந்து இழுக்கும்போது போதாது. லோடோடு ஃபர்ஸ்ட் கியரில் எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஒரு பக்கமாகச் சாயும்போது வயர்க்கட்டும் இழுபட்டு மிச்ச இழைகளும் ஒரு கணம் விலகும். டீசல் பம்பில் இருக்கிற சொலினாய்டுக்கு, அதாவது கரண்டில் வேலை செய்கிற அடைப்பானுக்கு, கரண்ட் போகாவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், எஞ்சின் அணையும். இழுத்து நிறுத்துகிற பழைய நாப் உள்ள எஞ்சினாக இருந்தால் விளக்கு மட்டும் போயிருக்கும், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். ஒரு முழம் வயர், ஒரு ரப்பர் வளையம். முன்னால் மாற்றிய சாமான்களின் விலையைச் சொல்ல எனக்கு மனசில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அவர் அளந்த விதம். நிறைய பேர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வயரின் கடைசி முனையிலும் பாடியிலும் மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, வயர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. ஊற்றிலிருந்து தோட்டத்துக்கு வருகிற ஹோஸ் எங்கோ மடங்கியிருந்தாலும் குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாக இருக்கும், திறந்தால்தான் சொட்டுவது தெரியும், அதே கணக்கு. அதனால்தான் விளக்கு எரியும்போது, செல்ஃப் சுற்றும்போது அளக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட ஒன்றரை வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் ஓம் பார்த்தால் அந்தத் தடை ஜீரோ என்றுதான் தெரியும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குக் கால் வோல்ட்டுக்குள், பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் சரி. அதைத் தாண்டினால் எங்கோ களிம்பு, எங்கோ லூஸ். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க டீசல் பம்பின் சொலினாய்டு வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றலாம். மீட்டரை ஒவ்வொரு ஜாயிண்டாக நகர்த்திக்கொண்டு போனால் எந்த ஜாயிண்டில் வோல்ட் குதிக்கிறதோ அங்கே வேலை.

எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகிற வழி, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மலை வண்டிகளின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது, அதனால் எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கோ பாடிக்கோ ஒரு பட்டை வயர் போட்டிருப்பார்கள். அது சேற்றிலும் ஈரத்திலும் நொந்துபோய் அறுந்துவிடும், அல்லது கிளட்ச் வேலைக்கு எஞ்சினை இறக்கியவர் திரும்ப மாட்ட மறந்திருப்பார். அப்படியானால் செல்ஃப் எடுக்கவே கூடாதே என்பீர்கள். எடுக்கும், ஏனென்றால் கரண்ட் வேறு வழி தேடிக்கொள்ளும், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள் வழியாகப் போகும். எங்கள் ஊரில் ஒரு வேனில் ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகிக்கொண்டது, புதுக் கேபிள் போட்டாலும் சில மாதத்தில் அதே கதை. காலையில் செல்ஃப் அடிக்கும்போது கேபிளைத் தொட்டுப் பார்த்தால் சூடு. எர்த் பட்டை ஒரு பக்கம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை, இறக்கத்தில் மாட்டிக்கொண்டால்?

பின்விளக்கில் எர்த் போனால் நாடகமே நடக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே துடிக்கும். ஒரே பல்புக்குள் பிரேக்குக்கு 21 வாட், பார்க்குக்கு 5 வாட் என்று ரெண்டு இழை இருக்கிறதல்லவா, ஒன்றின் கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல் இன்னொன்றின் வழியாகத் திரும்பிப் போகிறது. இதைப் பார்த்துவிட்டு, இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற ஃப்ளாஷரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். தேய்க்க மட்டும் மறக்காதீர்கள், பெயிண்ட் மேலேயே எர்த் அடிக்கிறவர்களை என்ன சொல்வது.

அப்புறம் டேஷ்போர்டில் இருக்கிற பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. அது வெறும் எச்சரிக்கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய ஆல்டர்னேட்டர்கள் நிறையவற்றில் அந்தச் சின்ன பல்பின் வழியாக வருகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. பல்பு போய்விட்டால், அல்லது அதன் ஹோல்டர் லூஸாக இருந்தால், ஒரு நாள் சார்ஜ் ஏறும், ஒரு நாள் ஏறாது, இல்லை எஞ்சினை நன்றாக முறுக்கிவிட்டால்தான் ஏறத் தொடங்கும். சாவி போட்டவுடன் அந்த விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பார்ப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்ற நல்ல பேட்டரியில் 12.6 இருக்கும். குளிரில் பேட்டரிக்கு இயல்பாகவே பலம் குறையும், ஜீரோ டிகிரி பக்கம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதோடு ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின் என்றால் நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியர் பக்கம் இழுக்கும். காந்தலில் ஜனவரி காலையில் எடுக்காத வண்டி எல்லாம் பேட்டரி செத்த வண்டி இல்லை.

ஆல்டர்னேட்டரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு என்று சொல்வது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் ஒரு நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போக வாய்ப்பு உண்டு. கோளாறே இல்லாத ஆல்டர்னேட்டரைச் சோதித்துப் பார்த்தே கெடுத்த கதைகள் இந்த மலையில் நிறைய.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வேறு தலைவலி. பாயிண்ட், கண்டன்சர் வைத்த பழைய அம்பாசடர் மாதிரி வண்டிகளில் பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் காலை ஈரத்தில் மிஸ் அடிக்கும், பத்து மணி வெயிலில் சரியாகிவிடும். இதைப் பகலில் தேடக்கூடாது. ராத்திரி, விளக்கில்லாத இடத்தில், பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பொறிக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுக்கிற இக்னிஷன் காயில் இதற்கு நேர் எதிர். குளிரில் நன்றாக இருக்கும், பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறுவதற்குள் சூடாகி உள்ளே சுற்று விட்டுப்போகும், ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கைத் திட்டுவார்கள்.

ஃபியூஸ் விஷயத்தில்தான் எனக்கும் கோபம் வரும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது, செம்புக் கம்பியை முறுக்கி வைப்பது. ஃபியூஸ் எரிந்து போவது அதன் வேலை, அது எரியாவிட்டால் வயர் எரியும், வயர் எரிந்தால் வண்டி எரியும். விட்டு விட்டு ஃபியூஸ் போகிற வண்டியில் எங்கோ உறை தேய்ந்த வயர் அசைவில் பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். அந்தக் குன்னூர் எலக்ட்ரீஷியன் பெரியவர் காட்டிய வழி அருமையானது: எரிந்த ஃபியூஸை எடுத்துவிட்டு அதன் ரெண்டு முனைக்கும் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை மாட்டிவிடுவார். அந்த சர்க்யூட்டில் உள்ள மற்ற எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஷார்ட் இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும், இல்லாதபோது எரியாது, ஃபியூஸ் செலவும் கிடையாது, வயரும் சுடாது. அப்புறம் உதவிக்கு வந்தவரை பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு கதவுக் கீல், ஸ்டீயரிங் தூண், பின் சீட்டுக்கு அடியில் போகிற வயர்க்கட்டு என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டியதுதான். எங்கே அசைத்தால் பல்பு எரிந்து அணைகிறதோ அங்கே உறையைப் பிரித்துப் பாருங்கள், எலி கடித்த தடம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. குளிர்காலத்தில் சூடான எஞ்சின் ரூமை விட எலிக்கு நல்ல வீடு இந்த மலையில் வேறு எது?

மிஸ்ட்டுக்கு என்று ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போடுகிற வழக்கமும் இதில் சேரும். சாதாரண 60/55 வாட் பல்பு ரெண்டும் டிம்மில் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு பிரைட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே பழைய சுவிட்ச், அதே மெல்லிய வயர். சுவிட்ச் உருகும், ஹோல்டர் கருகும், அதற்குப் பிறகு விளக்கு தன் இஷ்டத்துக்கு அணைந்து எரியும். வெளிச்சமும் எதிர்பார்த்த மாதிரி கூடாது, ஏனென்றால் பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்துவிடும். அதே 60/55 பல்பை வைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வழியாக, ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) போட்டு நல்ல தடிமனான வயர் இழுத்துக் கொடுத்துப் பாருங்கள், எதிரே நிற்கிற காட்டெருமையின் கண் தூரத்திலேயே தெரியும். எதிரே வருகிற டிரைவரும் திட்டமாட்டார்.

சரி, இதெல்லாம் வண்டிக்காரன் பாடு, பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். அந்த வாசகர் கேட்ட தடைக்குப் பதிலாக நான் ஒன்று கேட்கிறேன். வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு வருடம்வரை ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குமேல் வருடா வருடம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, பார்க்கிறார்கள். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்கும்போது பார்க்கிறார்கள், பழைய வண்டி என்பதற்காகப் பசுமை வரியும் வாங்குகிறார்கள். அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது? வெயிலில் வண்டி நிற்கும். ஹெட்லைட் போடச் சொல்வார்கள், எரியும், அணை. இண்டிகேட்டர், எரியும், அணை. பிரேக், எரியும். ஹாரன், அடிக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் செத்துக்கொண்டிருக்கிற எர்த்கூட பாஸ் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்: ஹெட்லைட் பிரைட், வைப்பர், ஒரு பக்க இண்டிகேட்டர், பிரேக்கில் கால், அப்புறம் ஹாரன். விளக்கு துடித்தால், இண்டிகேட்டர் தாளம் மாறினால், பின்விளக்கு மங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே எஞ்சின் ஓடும்போது கியர் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விட்டால் எஞ்சின் சாயும், என் ஜீப் மாதிரி வண்டிகள் அதிலேயே மாட்டிக்கொள்ளும். ரெண்டு நிமிஷ வேலை, புதுக் கருவி வேண்டாம். மலைக்கு வாடகைக்கு ஏறி வருகிற புது வண்டிகளையும் அதே மாதிரி பார்க்கட்டும், கூடுதல் ஃபாக் லைட், எல்.இ.டி. பட்டை என்று ரிலே இல்லாமல் முறுக்கிக் கட்டிய வயரிங் அவற்றிலும் குறைவில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று பார்ப்பதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆக்காமல், ஒரு பழைய வண்டியில் வாத்தியாரே ஒரு எர்த்தைக் கெடுத்து வைத்துவிட்டு, நீயே கண்டுபிடி, ஒரு சாமானும் மாற்றக்கூடாது என்று விட்டால் நன்றாக இருக்கும். சாமான் மாற்றத் தெரிந்தவர்கள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள், தேடத் தெரிந்தவர்கள்தான் வயதாகிக் கடையை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டி, பிரேக் பைப் அரித்துப்போன வண்டி, கறுப்புப் புகை கக்குகிற வண்டி, இவற்றை ஒழிக்க வேண்டும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவற்றுக்காக வாதாடவில்லை. விளக்கு மினுக்குகிறது என்பதற்காக ஓட்டத் தகுதியுள்ள ஜீப்பை உடைத்துவிட்டு, தேயிலை விலை இருக்கிற லட்சணத்தில் தவணைக்குப் புது வண்டி வாங்கு என்று ஒரு சிறு விவசாயியிடம் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. கொழுந்து பறித்த அன்றே ஃபேக்டரி போய்ச் சேர வேண்டும், வண்டி இல்லை என்று சொல்லி மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது.

எஃப்.சி.க்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மழை பிடிப்பதற்குள் ஒரு சாயங்காலம், இன்னொருவரைப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு, மேலே சொன்ன மாதிரி எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். மினுக்கினால் முதலில் பேட்டரி நெகட்டிவ் வயர் பாடியில் சேருகிற போல்ட்டையும் எஞ்சின் எர்த் பட்டையையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள், கழற்றுவதற்கு முன்னால் சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் டெர்மினலைப் பிரித்துவிடுங்கள். அப்புறமும் மினுக்கினால் எலக்ட்ரீஷியனிடம் போகலாம். போகும்போது எப்போது, எந்த வளைவில், எது எது ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், வண்டியில் லோடு இருந்தால் இறக்காமல் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.